கசிந்த வாயு, கிறங்கிய மீன்கள்

என் இரண்டடி மீன் தொட்டியில் வளரும் செடிகளுக்காகக் கொளத்தூரில் வாங்கிய கரியமில வாயுக் கருவி இது. இரண்டு லிட்டர் எஃகு உருளை. உள்ளே சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் தலா 200 கிராம், தண்ணீர்; இவை கலந்தால் வாயு உண்டாகும்.

முதல் வாரமே அழுத்தமானியின் முள் ஒரே இரவில் படுத்துவிட்டது. சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். வால்வு மரைக்கு அடியில் பொடிப்பொடியாகக் குமிழிகள். ரப்பர் வளையம் கோணலாக உட்கார்ந்திருந்தது. எட்டு ரூபாய் வளையம், மூன்று நாள் தூக்கம்!

இப்போது நொடிக்கு ஒரு குமிழி. விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திறந்துவிடுகிறேன். நீரில் வாயு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் சோதனைக் குடுவையின் நீலத் திரவம் பச்சையானால் போதும்; மஞ்சளானால் வாயு மிகுதி. ஒருமுறை மஞ்சளாகி, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. பதறிப்போய்க் காற்றுப் பம்பை ஓடவிட்டேன்.

உருளைக்குக் கொடுத்த காசு தகும். கூடவே தந்த பிளாஸ்டிக் டிஃப்யூசர் (வாயுவைப் பொடிக் குமிழிகளாக நீரில் விடும் முனை) மட்டும் மொச்சைக்கொட்டை அளவுக்குக் குமிழி விடுகிறது. பீங்கான் வட்டு உள்ளதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.