லிங்க்ஸ், மீட்டர், மா, குழி: க்யூஜிஐஎஸ்ஸோடு ஆறு வருஷம்

திருவையாறு பக்கம் நிலத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஆறு வருஷமாக க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில்தான் வேலை. இலவசம் என்றுதான் முதலில் இறக்கினேன். இன்னும் விடாமல் இருப்பதற்குக் காரணம், காகிதத்தில் இருக்கிற எண்ணை அது அப்படியே வாங்கிக்கொள்வது.

பழைய புலப்படங்களில், அதாவது சர்வே துறையின் நில வரைபடங்களில், நீளமெல்லாம் லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க். ஒரு லிங்க் 0.201168 மீட்டர். ஆரம்பத்தில் கால்குலேட்டரில் மாற்றி, 51.90 என்று தாளில் குறித்து, பிறகு உள்ளே அடிப்பேன். சுற்றி வந்தால் கடைசிக் கல் முதல் கல்லோடு சேராது. 285-ஐ 258 என்று படித்திருக்கிறேன். ஆனால் திரையில் நிற்பது 51.90. எதை எதோடு ஒப்பிடுவது? இப்போது தூரக் கட்டத்தில் 285*0.201168 என்றே அடிக்கிறேன். பெருக்கலை அதுவே பார்த்துக்கொள்ளும், என் கண்ணுக்குக் காகித எண் தெரிந்தால் போதும்.

புலப்படம் மங்கி, லிங்க்ஸா மீட்டரா என்று தெரியாவிட்டால் பட்டாவில் இருக்கிற பரப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 400 லிங்க்குக்கு 250 லிங்க் என்றால் 1,00,000 சதுர லிங்க்; மூன்று சுன்னத்தை அடித்தால் 100 சென்ட், அதாவது 40.5 ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர்). அதையே மீட்டர் என்று நினைத்து ஒருமுறை போட்டேன். ஒரு ஏக்கர் வயல் திரையில் 24 ஏக்கர் 71 சென்டாக விரிந்து கிடந்தது.

இன்னொரு இடத்திலும் சறுக்கினேன். பரப்புக்கு டாலர் ஏரியா என்ற கணக்கைப் போட்டால், புராஜெக்ட் அமைப்பில் என்ன அலகு இருக்கிறதோ அதில்தான் விடை வரும். நான் அதை ஏக்கருக்கு மாற்றி வைத்ததை மறந்துவிட்டு, சதுர மீட்டர் என்று நம்பி, ஒரு குழிக்கு 13.378 சதுர மீட்டர் என்று வகுத்துக் குழி எடுத்தேன். தப்பு என்னுடையதுதான், ஆனாலும் விடைக்குப் பக்கத்தில் அலகைக் காட்டினால் குறைந்தா போவார்கள்?

க்யூஜிஐஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் புரோஜ் என்ற மென்பொருள் நூலகத்தில் 'இந்திய அடி' என்று தனி அலகே இருக்கிறது: 0.30479841 மீட்டர். சாதாரண அடியோடு பார்த்தால் கிலோமீட்டருக்கு அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம். வரப்புச் சண்டைக்கு அது பத்தாது.

சண்டை வருவது 'மூணு மா ஒரு ஏக்கர்' என்கிற வாய்க்கணக்கில். எங்கள் பக்கம் குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. மூன்று மா 43,200; ஏக்கரோ 43,560. இரண்டரைக் குழி இடிக்கும். வேலிக்கு, அதாவது இருபது மாவுக்கு, அது ஐந்தரை சென்டாக வளர்ந்துவிடும். பாகப்பிரிவினைப் படமென்றால் மா-குழியையும் ஏர்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுவிடுவேன்.

எங்கள் பக்கம் ஒரு கோல் 12 அடி. படத்தின் அளவுகோல் பட்டையில் அலகை அடி என்று வைத்து, பெருக்கு எண்ணை 12 ஆக்கி, பெயர் இடத்தில் 'கோல்' என்று எழுதிவிட்டால் பட்டையே கோல் கணக்கில் வரும். போன மாதம் ஒரு பெரியவர் கண்ணாடிகூடப் போடாமல் அந்தப் பட்டையை விரலால் அளந்து பார்த்து, "அகலம் பதினோரு கோலா தம்பி?" என்றார்.

பத்தே முக்கால்.