'டேக் ஆன் மீ': 1984 பதிவா, 1985 பதிவா?

நார்வேயின் ஆ-ஹா இசைக்குழு ஒரே பாடலை இருமுறை பதிவு செய்து வெளியிட்டது. எதைக் கேட்பது என்று தடுமாறுபவர்களுக்காக இது.

தயாரிப்பு
1984: டோனி மேன்ஸ்ஃபீல்ட். கணினி ஒலிகள் மிகுதி, சற்றே விறைப்பு.
1985: ஆலன் டார்னி. தாளம் உந்துகிறது, பாடகர் மார்டன் ஹார்கெட்டின் குரல் உச்சத்துக்கு ஏறும்போது வாத்தியங்களும் சேர்ந்து எழுகின்றன.

காணொளி
1984: நீலப் பின்னணியில் குழுவினர் பாட, கலைஞர்கள் ஆடுகிறார்கள். அவ்வளவுதான்.
1985: ஸ்டீவ் பேரன் இயக்கம். படம்பிடித்த காட்சிகளின் மேல் ஒவ்வொரு பிரேமாகப் பென்சிலால் வரைந்தார்கள். இந்த வேலைக்கே மாதக்கணக்கில் ஆனது. என் பார்வையில், பாடலைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு இந்தப் பென்சிலுக்கு.

வரவேற்பு
1984: நார்வே பாடல் தரவரிசையில் 3ஆம் இடம், பிரிட்டனில் தோல்வி.
1985: அமெரிக்காவில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம்.

விருந்தில் ஒலிக்கவோ கீபோர்டில் பழகவோ 1985 பதிவுதான். ஒரே மெட்டைத் தயாரிப்பாளர் எவ்வளவு மாற்ற முடியும் என்று அறிய விரும்பும் இசை மாணவர்கள் 1984 பதிவை முதலில் கேட்கட்டும். சலிப்பு வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.