மிஸ்ட்ரல் அடிக்கும் கரையில் விடுமுறை: பொனிஃபாசியோவா, கல்லுராவா, மெனோர்க்காவா?

மேற்கு மத்தியதரைக் கடலில் காற்றுக்குப் பேர்போன ஒரு கரைக்குப் போக வேண்டும், ஆனால் எது என்று இன்னும் முடிவாகவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம்: பிரான்சின் கோர்சிகாத் தீவில் தென்முனையில் இருக்கும் பொனிஃபாசியோ, அதற்கு நேர் எதிரே இத்தாலியின் சார்டினியாவில் வடகோடியான கல்லுரா, இவற்றுக்கு மேற்கே தள்ளி ஸ்பெயினின் மெனோர்க்காத் தீவில் வடகரை. மூன்றின் புகைப்படங்களும் ஒன்றையொன்று மிஞ்சும். அதனால் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பலமாகக் காற்று அடிக்கும் நாளில் அங்கே என்ன செய்வீர்கள்? என் தீர்ப்பெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் காற்று. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு, வேகமெடுத்துக் கடலுக்குள் பாய்கிறது மிஸ்ட்ரல். இத்தாலியர்களுக்கு அது மாயெஸ்த்ராலே. கோர்சிகா, சார்டினியா இரண்டுமே மலைத்தீவுகள். நடுவில் இருக்கும் பொனிஃபாசியோ நீரிணை குறுகலான இடத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். மேற்கிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளிக்குள் இன்னொரு முறை நெருக்கப்பட்டு இன்னும் வேகமாகிறது. கடல் கொந்தளித்தால் வானம் கறுத்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அங்கே அப்படியில்லை. மிஸ்ட்ரல் பெரும்பாலும் மேகத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடிக்கும். மேலே பளிச்சென்று வெயில், கீழே கடல் முழுக்க வெள்ளை நுரை. ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்குப் போனால், படகு ஓடாது என்று பலகை வைத்திருப்பார்கள்.

பொனிஃபாசியோ, காற்றைப் பார்ப்பதற்கென்றே போக வேண்டிய ஊர். தென்கோர்சிகா பெரும்பாலும் கிரானைட். இந்த முனை மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அலை அடிப்பாறையை அரித்துக்கொண்டே போக, 60, 70 மீட்டர் உயரத்தில் பழைய ஊரின் வீடுகள் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஊருக்குப் பின்பக்கம் பாறைகளுக்கு இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய கடல்வாய் உள்ளே புகுகிறது. துறைமுகம் அதற்குள் ஒளிந்திருப்பதால், வெளியே கடல் பொங்கும் நாளிலும் உள்ளே படகுகள் அசையாமல் கிடக்கும். சரி, படகு ஓடாத நாளில் இங்கே என்ன செய்யலாம்? பாறை விளிம்பை ஒட்டிய பாதையில் 1844ஆம் ஆண்டின் பெர்த்துசாத்தோ கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். எதிர்க்கரையில் சார்டினியா கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள். கல் உளுத்தது, காற்றும் தள்ளும். பாறையைச் செதுக்கிய 187 படிகள் கொண்ட அரகோன் மன்னன் படிக்கட்டைப் பலத்த காற்று நாளில் மூடிவிடுவார்கள், அதையே நம்பிப் போக வேண்டாம்.

காற்று அடங்கிய நாளில் லவெட்சித் தீவுகளுக்குப் படகில் போவதை விட்டுவிடாதீர்கள். உருண்டு திரண்ட கிரானைட் பாறைகளும் தெளிந்த தண்ணீருமாக இன்று அது இயற்கைக் காப்பகம். 1855 பிப்ரவரியில், கிரிமியப் போருக்குப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு தூலோனிலிருந்து கிளம்பிய 'செமியான்த்' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் புயலில் இங்கேதான் பாறையில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்த ஏறத்தாழ 700 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரையொதுங்கியவர்களைப் புதைத்த கல்லறைகள் தீவிலேயே இருக்கின்றன. குளிக்கப் போகிறவர்கள் அந்தச் சின்ன மயானத்துக்கும் ஒருமுறை நடந்து போய் வர வேண்டும் என்பது என் விருப்பம். நீரிணை எப்படிப்பட்டது என்று அங்கே புரியும்.

ஆனால் பொனிஃபாசியோவில் ஒரு வாரம் தங்கச் சொல்ல மாட்டேன். ஜூலை, ஆகஸ்டில் ஊர் நெரியும். வாகனம் நிறுத்த இடம் தேடியே பாதிக் காலை போகும். அறை வாடகையும் அதிகம். கடற்கரைகளில் நல்லவை ஊருக்கு வெளியே, கார் இருந்தால்தான் எட்டும். அவற்றில் ரொந்தினாரா வளைகுடா ஏறக்குறைய முழு வட்டமாக வளைந்து கிழக்கே பார்த்திருப்பதால், மேற்குக் காற்று நாளுக்கு ஏற்றது.

எதிர்க்கரைக்கு வருவோம். கல்லுராவில் தங்கும் ஊராக நான் சொல்வது சாந்தா தெரேசா. அங்கிருந்து சில கிலோமீட்டரில் காப்போ தெஸ்தா என்ற முனை. உப்பும் ஈரமும் காற்றும் குடைந்து குடைந்து, கிரானைட்டில் குழியும் பொந்துமாக விசித்திர உருவங்களைச் செய்து வைத்திருக்கின்றன. ரோமானியர்கள் இங்கே தூணுக்குக் கல் வெட்டியிருக்கிறார்கள். அந்தத் தடயங்கள் இன்னும் கிடக்கின்றன. என்னைக் கவர்ந்தது அதைவிட, முனையைக் கரையோடு இணைக்கும் மணல்திட்டு. அதன் இருபுறமும் முதுகோடு முதுகாக இரண்டு கடற்கரைகள். மேற்கிலிருந்து காற்று வந்தால் ஒரு பக்கம் அலை ஆர்ப்பரிக்கும், சாலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் குளிக்கலாம். இந்த வசதி பொனிஃபாசியோவில் கிடையாது.

கிழக்கே பலாவுக்கு அருகில் போர்த்தோ பொல்லோ, விண்ட்சர்ஃபிங், கைட்சர்ஃபிங் போன்ற காற்றுப் பலகை விளையாட்டுகளுக்கு இத்தாலி முழுக்கப் பெயர்பெற்ற இடம். மற்றவர்கள் காற்றைச் சபிக்கும் நாளில் இங்கே வந்தவர்கள் கொண்டாடுகிறார்கள். பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன, புதிதாகப் பழகுபவர்களும் போகலாம். பலாவிலிருந்து லா மத்தலேனா தீவுக்குப் படகுப் பயணம் குறைந்த தூரம்தான். அங்கிருந்து பாலம் வழியாகக் கப்ரேரா தீவுக்குப் போனால், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய தளபதி கரிபால்டி 1882இல் இறக்கும்வரை வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம். புதெல்லித் தீவின் இளஞ்சிவப்பு மணல் கரையைத் தூரத்தில் இருந்துதான் பார்க்க முடியும், இறங்க அனுமதியில்லை. சார்டினியாவில் எந்தக் கடற்கரையிலிருந்தும் மணலோ சிப்பியோ எடுத்துச் செல்வது குற்றம்; ஆயிரக்கணக்கான யூரோ வரை அபராதம் போகலாம். குழந்தைகளின் பைகளைக் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சாந்தா தெரேசாவிலிருந்து பொனிஃபாசியோவுக்குக் கப்பலில் ஏறத்தாழ 50 நிமிடம். காரை விட்டுவிட்டு நடந்து ஏறினாலே போதும், இறங்கும் இடம் ஊரின் காலடி. வாடகைக் கார் நிறுவனங்கள் பல, வண்டியை அடுத்த தீவுக்குக் கொண்டுபோக விடுவதில்லை. கல்லுராவில் தங்கி, காற்று குறைந்த ஒரு நாளில் பொனிஃபாசியோவைப் பார்த்துத் திரும்புவது எனக்குச் சரியாகப் படுகிறது. பலத்த மிஸ்ட்ரலில் இந்தக் கப்பலும் நிற்கும். அப்படியென்றால் அன்று காப்போ தெஸ்தா, மறுநாள் நீரிணை. தேதியைக் கல்லில் பொறிக்காமல் வாரத்தை நெகிழ்வாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மெனோர்க்கா வேறு ரகம். இங்கே அடிப்பது த்ராமுந்தானா என்ற வாடைக்காற்று. வடகரையில் காட்டு ஒலிவ மரங்கள் எல்லாம் தெற்கு நோக்கியே சாய்ந்து வளர்ந்திருப்பதைப் பார்த்தால் அதன் பலம் தெரியும். செம்மண், கரும்பாறை, மரமில்லாத முனைகள். ஃபவாரிச் முனையில் கருஞ்சிலேட்டுப் பாறைகளுக்கு நடுவே 1922இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. தீவைச் சுற்றி 185 கிலோமீட்டர் ஓடும் 'கமீ தெ கவால்ஸ்' பாதை, கரையைக் காவல் காக்கக் குதிரைவீரர்கள் போன வழி. அதில் பினிமெயா கடற்கரையிலிருந்து பிரெகொந்தா வரையான அரைமணி நடை, குழந்தைகளோடும் போகக்கூடியது.

ஆனால் மெனோர்க்காவின் உண்மையான பலம் அதன் சின்ன உருவம். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காக அதில் பாதிகூட இல்லை. வாடைக்காற்று வடகரையைப் புரட்டி எடுக்கும் அதே காலையில், அரைமணி நேரம் காரில் போனால் தென்கரையில் சுண்ணாம்புக்கல் பாறைகளுக்குள் ஒதுங்கிய குடாக்களில் கடல் அமைதியாக இருக்கும். வடகரையிலேயே ஃபோர்னெல்ஸ் வளைகுடா நீளமாக உள்வாங்கியிருப்பதால் பாய்மரம் பழக நல்ல இடம். வயதான பெற்றோரையோ சிறு பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெனோர்க்காதான். நண்பர்களாகவோ இருவராகவோ போய், காட்டுத்தனம் வேண்டும் என்றால் கல்லுரா. அங்கே பாறையும் கடலும் மனதை உலுக்கும் அளவுக்கு மெனோர்க்கா உலுக்குவதில்லை என்பதே என் எண்ணம்.

எங்கே போனாலும் ஒரு எச்சரிக்கை. காற்றுக்கு மறைவான கரையில் தண்ணீர் தட்டையாகத் தெரியும், ஏனென்றால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. காற்றடைத்த மிதவையில் குழந்தையை உட்கார வைத்தால், கண் மூடித் திறப்பதற்குள் அது எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் மிதவையைக் காரைவிட்டே இறக்காதீர்கள். பலத்த காற்று நாளில் காட்டுத்தீ அபாயமும் அதிகம் என்பதால் வெளியில் தீ மூட்டவே கூடாது.

மாதங்களில் ஜூனும் செப்டம்பரும் நல்லவை. செப்டம்பரில் கூட்டம் குறைந்திருக்கும், கடல் ஜூனைவிட வெதுவெதுப்பாக இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பொனிஃபாசியோவில் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் அடைத்துச் செய்யும் கத்தரிக்காய் அருமை. கல்லுராவின் 'சுப்பா கல்லுரேசே' பார்வைக்கு வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான், ஆனால் ஊறவைப்பது இறைச்சிச் சாற்றில். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மெனோர்க்காவில் மாவோன் பாலாடைக்கட்டி இருக்கிறது.

மூன்று இடத்துக்கும் கார் தேவை. வலப்பக்கம் ஓட்ட வேண்டும், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே ஷெங்கன் பகுதிக்குள் வருவதால் ஒரு விசா போதும்; அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லுராவில் ஐந்து இரவு, பொனிஃபாசியோவில் இரண்டு இரவு என்றால் இத்தாலி. விமான நிலையம் கல்லுராவுக்கு ஓல்பியா, மெனோர்க்காவுக்கு மாவோ, கோர்சிகாவிலேயே இறங்குகிறவர்களுக்கு ஃபிகாரி. திரும்பும் விமானம் எந்தத் தீவிலிருந்தோ, கடைசி இரவை அந்தத் தீவில் கழியுங்கள். விமானம் ஏறும் நாளன்று காலையில் நீரிணையைக் கடக்கும் திட்டம் மட்டும் வேண்டாம்.