நகச்சுத்திக்கு தண்டையார்பேட்டை கிளினிக், தைரியமா போலாம்

காசிமேட்டு மீன் கழுவும்போது முள்ளு குத்தி அம்மாவுக்கு விரல்ல சீழ் கோத்துகிச்சு, ரெண்டு நாள் தூக்கமே இல்ல. இங்க டாக்டர் முதல்ல மோதிரத்த கழட்ட சொன்னாரு, முன்னாடி மரத்துப்போற ஊசி ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டாரு, அப்புறம் லிக்னோகெய்ன்ங்கிற மரத்துப்போற மருந்த விரலோட அடிப்பக்கம் ரெண்டு சைடும் போட்டாரு, நரம்பு ரெண்டு பக்கமும் ஓடுதுல்ல, ஒவ்வொரு தடவையும் ஊசிய லேசா இழுத்து ரத்தம் வரலன்னு பாத்துட்டுதான் மருந்தயே மெதுவா விட்டாரு. பத்து நிமிஷம் உக்கார வச்சு, நுனிய கிள்ளி பாத்து, அம்மா "ஒண்ணும் தெரியல சார்"ன்னப்புறம்தான் கீறுனாரு. போன வருஷம் வேற இடத்துல எனக்கு ஊசி போட்ட கையோட கிழிச்சாங்க, உயிரே போச்சு. இந்த கிளினிக்ல உக்கார இடம்தான் பத்தல. மரமரப்பு போறவரைக்கும் அடுப்பு பக்கம் போகாதீங்கம்மா, சுட்டாலும் தெரியாதுன்னு ரெண்டு தடவ சொல்லி அனுப்புனாரு.