காற்றை நேராக்க எது நல்லது: ஸ்ட்ராவா, அட்டையா?

டேபிள் ஃபேன் முன்னால் ஊதுபத்தியைக் காட்டினால் புகை முறுக்கிக்கொண்டு போகும். வீட்டில் செய்யும் காற்றுச் சுரங்கத்தில், அதாவது ஃபேன் காற்றைப் பெட்டி வழியாகச் செலுத்தி மாதிரிகளைச் சோதிக்கும் அமைப்பில், அந்த முறுக்கோடு ஒரு சிறு விமான இறக்கையைச் சோதித்தால் எந்த அளவையும் நம்ப முடியாது. 1901இல் அமெரிக்காவின் டேட்டனில் 16 அங்குலச் சதுரமும் 6 அடி நீளமும் கொண்ட மரப்பெட்டியில் இறக்கைகளைச் சோதித்த ரைட் சகோதரர்களும் தேன்கூடு போன்ற தடுப்பு வைத்தே காற்றை ஒழுங்குபடுத்தினார்கள்.

துளைகள் நிறைந்த இந்தத் தடுப்பை எந்தப் பொருளில் செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: துளையின் அகலத்தைப்போல 6 முதல் 8 மடங்கு நீளம் வேண்டும். குறைந்தால் முறுக்கு அடங்காது. மிகவும் கூடினால் சுவர்களில் உரசியே காற்று தளர்ந்துவிடும்.

6 மி.மீ. ஸ்ட்ராவை 4 அல்லது 5 செ.மீ. துண்டுகளாக்கிச் சட்டத்தில் அடுக்கினால் இந்தக் கணக்கு அழகாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை இருப்பதால் காகித ஸ்ட்ராவே கிடைக்கும். கத்தரிக்கோல் அதன் வாயை நசுக்கிவிடும். கூரிய பிளேடால் உருட்டி உருட்டி வெட்டுங்கள். 20 செ.மீ. சதுரச் சட்டத்துக்கு ஏறத்தாழ 1,300 துண்டுகள், அதாவது 20 செ.மீ. நீள ஸ்ட்ரா 325 தேவை. ஸ்ட்ராக்களுக்கு இடையிலுள்ள சந்துகளைப் பசையால் அடைக்காதீர்கள், அவையும் நேரான குழாய்களே.

நெளி அட்டையை அடுக்குவது மிக மலிவு. ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் முகப்பில் கணிசமான பகுதி காகிதம்; துளைகளோ மிகச் சிறியவை. டேபிள் ஃபேனுக்கு அழுத்தம் குறைவு. காற்று உள்ளே போகாமல் ஓரங்களில் திரும்பி வழியும்.

சட்டம் 40 செ.மீ. ஆகிவிட்டால் ஸ்ட்ரா துண்டுகள் 5,000ஐத் தாண்டும். அப்போது கெட்டி சார்ட் அட்டைதான் கைகொடுக்கும். 14 செ.மீ. அகலப் பட்டைகளில் 2 செ.மீ.க்கு ஒன்றாகப் பாதி அகலம்வரை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 38 பட்டைகளில் வேலை முடிந்துவிடும். பெரிய கட்டங்கள் பெரிய சுழிகளையும் விட்டுவைக்கும் என்பது இதன் குறை. அதற்குப் பின்னால் சில செ.மீ. தள்ளிக் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். வேகத்தைச் சமன்படுத்துவதில் வலை கெட்டி. முறுக்கை எடுக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

முடிந்தால் ஃபேனைப் பெட்டியின் மறுமுனையில் வைத்துக் காற்றை இழுக்கச் செய்யுங்கள். அப்போது ஃபேன் இறக்கைகளின் முறுக்கு சோதனைப் பகுதிக்கு வருவதே இல்லை. அறையின் குறுக்குக் காற்றை அடக்கினால் போதும். அதற்குச் சார்ட் அட்டையே தாராளம். ஊதிச் செலுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், எத்தனை மணி நேரமானாலும் நான் ஸ்ட்ராவைத்தான் வெட்டுவேன்.