கொழுந்து வாட்டிய மாடியில் ஒரு இரவு

இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996 முதல் ஹோட்டலாக இருக்கிறது. ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி என்று பெயர். வெளியே இருந்து பார்த்தால் இன்னமும் தொழிற்சாலைதான். நம் ஊரில் தினமும் பார்க்கிற கட்டடம்தானே என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அறைகள் இருப்பது மேல்மாடிகளில். முன்பு கொழுந்தைப் பரப்பி, காற்றடித்து, ஈரம் வற்ற வாட்டிய இடம் அது. அம்மா கொழுந்தெடுத்தவர். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க எடுத்த கொழுந்து ஏறின மாதிரி எடத்துல என்னையப் படுக்க வச்சிட்டியேப்பா" என்று சிரித்தார். பழைய இயந்திரங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள்; எனக்கு அதுதான் அறையைவிடப் பிடித்தது.

விருந்தினர்களும் கூடையோடு கொழுந்தெடுக்கலாம், அதைச் சின்னத் தொழிற்சாலையில் தேயிலையாக்கித் தருவார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். "பேரு போடுவாங்களா?" என்று, அதாவது நாள் சம்பளம் பதிவார்களா என்று கேட்டுவிட்டு, வரமாட்டேன் என்றார். சரி, நான் மட்டும் போனேன்.

வெளியே ஒரு பழைய ரயில் பெட்டி, உள்ளே உணவகம். ஒரு காலத்தில் நானுஓயாவில் இருந்து இந்தப் பக்கமாக ராகலைக்குச் சின்ன ரயில் ஓடியது, அதனால் பெட்டி இங்கே பொருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கே சாப்பிட முன்பதிவு செய்யுங்கள்.

வாடகை நம்மைப் போன்றவர்களுக்கு எப்போதாவது ஒருமுறைதான் கட்டுப்படியாகும். ஸ்வெட்டர் மட்டும் போதாது, கம்பளிக் குல்லாவும் வேண்டும்.