‘வீனஸ் இன் ஃபர்’: வாசிப்பதா, மேடையில் பார்ப்பதா?
டேவிட் ஐவ்ஸ் எழுதி 2010இல் நியூயார்க்கில் அரங்கேறிய இந்நாடகத்தில், ஆஸ்திரிய எழுத்தாளர் மாசோக்கின் நாவலைத் தழுவிய தன் நாடகத்துக்கு நடிகையைத் தேடும் இயக்குநர் தாமஸிடம் இருக்கும் அதிகாரம், மழையில் நனைந்தபடி தாமதமாக வந்து நிற்கும் நடிகை வாண்டாவிடம் மெல்ல மெல்லக் கைமாறுகிறது. மேடையில் இம்மாற்றம் குரலிலேயே தெரிந்துவிடும்; கொச்சையாகப் பேசிக்கொண்டிருந்தவள் பழங்கால உடையை அணிந்து பாத்திரமாகவே மாறும் கணத்தில் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். இவ்வேடத்துக்காகவே நீனா அரியாண்டா 2012இல் டோனி விருது பெற்றார்.

வாசிப்பிலோ, நடிகைக்கும் 1870இல் வெளிவந்த மாசோக்கின் அந்நாவலின் நாயகிக்கும் பெயர் ஒன்றே என்பதால், ஆணையிடுவது இருவரில் யார் என்று நின்று யோசிக்க முடிகிறது. வசனம் முழுவதும் அந்த நடிகைக்கு முன்பே மனப்பாடம் என்று தெரியவந்த இடத்தில் நான் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். அந்த அவகாசத்தை மேடை தராது. ஆகவே வாசிப்பையே முதலில் பரிந்துரைப்பேன்.